மூன்றாவது பூச்சிலுவை

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

கத்தினது நான்தான். ஆரோக்கியத்தக்காவின் பிடரியைப் பிடித்து மண்ணில் அமுக்குகிறேன். அவள் மேலே நான். வாயைத் திறந்து வைக்கிறேன். மூடினால் செவிப்பறை கிழியும். தரை உதறுகிறது. முதுகில் கல்லுப்பொடி விழுகிறது. அடுத்தது எங்கே? எண்ணுகிறேன். ஒண்டு. ரெண்டு. மூண்டு.

அடுத்தது வரவில்லை.

"ஏத்தா! குவாரி வேட்டுத்தா! எந்திரி! எம் புருஷன் மேலயே என்னையத் தள்ளிட்டியே, பாவி மகளே!"

அரிமளம் பக்கம். கல்லறைத் தோட்டம். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். திருநாளென்று குவாரிக்காரனுக்கு என்ன தெரியும்? வெடிக்கு முன்னால் விசில் ஊதுவான். ஊதியிருக்கிறான், இடப்பக்கமிருந்து. என் இடது காது செத்த காது.

நான் இலங்கை அகதி. முகாமில் இருக்கிறேன். ஆரோக்கியத்தக்கா முகாமுக்கு எதிர்வீடு. அவள் புருஷன் கல்லறையில் காலையிலிருந்து பூச்சிலுவை செய்துகொண்டிருந்தோம். மண்ணை நனைத்து மேடு கட்டினோம். வாடாமல்லியால் கரை வைத்தோம். உள்ளே கீரமங்கலம் சந்தையில் வாங்கிய மஞ்சள் செவ்வந்தி. எல்லாம் நசுங்கிப்போச்சு. அவள் மூக்கில் ஒரு செவ்வந்தி ஒட்டியிருந்தது. சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இன்னும் அந்த மணலில் கிடக்கிறேன்.

கடைசிச் சண்டை நடந்த மாசி மாதம். முல்லைத்தீவுக் கடற்கரை. தறப்பாள் கூடாரமும் பங்கர்க் குழியும் சனமும். சேலையைக் கிழித்துத் தைத்த மண்மூட்டைதான் எங்களுக்குச் சுவர். தூரத்தில் 'டும்'. அது செல்குண்டு புறப்படுகிற சத்தம். பிறகு 'ஊஊ' என்று இழுக்கும். இழுத்தால் தாண்டிப் போகுது. இழுக்காவிட்டால் எங்களுக்கு.

அப்பா தண்ணிக்குப் போனார். திரும்பி வந்தது குடம். பக்கத்துத் தறப்பாள்காரர் கொண்டுவந்து தந்தார். அதில் தண்ணி இருந்தது. குடித்தோம். அப்படித் தாகம். பிறகு போய் அப்பாவைப் பொறுக்கினோம். பொறுக்கினோம் என்றுதான் சொல்லவேணும். பனைமரத்தடியில் முழங்கால் ஆழம் தோண்டினோம். அதற்கு மேல் தோண்டினால் உப்புத்தண்ணி.

பூ இல்லாமல் மூடக்கூடாது என்று அம்மா நின்றா. எங்கள் ஊரில் சவக்காலைக்குப் பூவோடுதான் போவோம். பூச்சிலுவை வைத்தபிறகுதான் அம்மா ஒருவரைச் செத்தவர் என்று சொல்லுவா. அதுவரைக்கும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவா. அந்தக் கரையில் எந்தப் பூ? அடம்பன் கொடி மட்டும். ஊதாப் பூ. அதைப் பிடுங்கப் போனா.

"அம்மா, பங்கருக்குள்ளை வாங்கோ! வாங்கோ அம்மா!" அண்ணன் கத்துகிறான்.

'டும்' கேட்டது. இழுக்கவில்லை.

வெள்ளை வெளிச்சம். வாய் நிறைய மண். இடது காதுக்குள் சூடு. எழும்பிப் பார்க்கிறேன். அம்மாவின் கை என் பக்கத்தில் கிடக்கிறது. விரலுக்குள் பூ அப்படியே இருக்கிறது. அம்மா அங்கே பனையடியில். கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வேறு என்ன செய்ய? பொருத்தலாம் என்று நினைத்தேனோ தெரியாது. சட்டிமூடியால் அண்ணன் குழியை அகலப்படுத்தினான். அப்பா பக்கத்தில் அம்மா. அண்ணன் பொருக்குமண்ணில் விரலால் ரெண்டு சிலுவை கீறினான். இருந்த பூவை ஒவ்வொன்றாக அழுத்தினான். அழவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது.

பிறகு கடலேரியைக் கடந்தோம். நெஞ்சளவு தண்ணி. மிதந்தவர்களைக் கையால் விலக்கி விலக்கி நடந்தோம். ஒரு கைக்குழந்தையும் மிதந்தது. அக்கரையில் ராணுவத்துக்கு முன்னால் வரிசை. அண்ணனைத் தனியாக எடுத்தார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலைத் தட்டி அண்ணன் என்னவோ சொன்னான். பஸ் என் இடப்பக்கம் நின்றது. அவன் வாய் அசைந்தது மட்டும் தெரியும். அந்த வாயசைவை இன்றுவரை கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்க்கிறேன். என்ன சொல் என்று பிடிபடவில்லை.

இங்கே கல்லறைத் தோட்டத்து மூலையில் எனக்கு ஒரு மண்மேடு தந்திருக்கிறார்கள். கீழே யாருமில்லை. வருஷா வருஷம் அதில் ரெண்டு பூச்சிலுவை வைப்பேன். அப்பாவுக்கு ஒன்று. அம்மாவுக்கு ஒன்று. இந்த வருஷமும் வைத்தேன். நசுங்கின கல்லறையை மறுபடி நனைக்கத் தண்ணி எடுக்கப் போனேன். வாளியோடு திரும்பினால் என் மேட்டில் மூன்று.

ஆரோக்கியத்தக்கா கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஒன் அண்ணனுக்கும் வச்சிட்டேன்த்தா. எத்தனை வருசம்தான் அந்தப் புள்ள பூவில்லாமக் கெடக்கும்? வச்சுட்டா ஒனக்கும் மனசு ஆறும்ல."

நல்ல மனசு. தன் புருஷனுக்கென்று மிஞ்சியிருந்த நல்ல பூவையெல்லாம் போட்டிருந்தாள். எனக்குக் கண் இருண்டது. வாளியைக் கீழே போட்டேன். மூன்றாவதைக் கையால் வழித்தேன். பிய்த்தேன். நகத்துக்குள் மண் ஏற ஏறப் பறண்டினேன். "எடு! எடு! அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது? நீ பாத்தனியா?" என்று அவள் முகத்துக்கு நேரே கத்தினேன். வயசில் மூத்தவள். நீ என்றுவிட்டேன். தோட்டத்துச் சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் குனிந்து, சிதறின பூவை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்ப் புருஷன் கல்லறையில் வைத்தாள்.

இழந்ததைச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுத வருகிறவர்கள் உண்டு. சொல்கிறேன். வீடு ஒன்று. வள்ளம் ஒன்று. வலை எத்தனை என்று அப்பாவுக்குத்தான் தெரியும். காது ஒன்று. அப்பா. அம்மா. ஆட்கள் ரெண்டு பேர். ரெண்டு என்றே எழுதுங்கள்.