பக்கம் திருப்புகிறவர்

டயரை மாற்ற அரை மணி ஆகும் என்கிறான் டிரைவர். நெருங்கி உட்காருங்கள், ஏரிக்காற்று எலும்பு வரைக்கும் போகிறது. தென்னேரிக்கு வந்து கேரல் பாடியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தது யார் என்று நான் இப்போது கேட்கப்போவதில்லை. பாடிப் பாடித் தொண்டை போய்விட்டது, அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். நடுவில் எவனாவது போன் விளக்கைப் போட்டுப் பூச்சாண்டி காட்டினால் அப்படியே நிறுத்திவிடுவேன்.

இது என் நண்பன் சரத்குமாருடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. யேசுதாஸ் என்று பெயர். பியானோ வாத்தியார்.

மாலை ஆறேகால் மணி. ஏனாத்தூரைத் தாண்டி, அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பிரிகிற சாலை. கல்லூரிப் பஸ்கள் போய்விட்டால் அதில் ஈ காக்கை இருக்காது. மழை விட்டு, தார் மட்டும் பளபளத்துக்கொண்டிருந்தது. தவளைச் சத்தம்... ஈரமண் வாசனை... அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள்.

பயப்படாதீர்கள், அவள் பேய் இல்லை. அவள் பெயர் பொன்னியம்மாள். மகள் செத்து ஒரு மாதம் கூட ஆகவில்லை.

கொஞ்சம் பின்னால் போகிறேன். அந்தப் பள்ளியின் தாளாளர் பரசுராமன் ஒரு பியானோ வாங்கிப் போட்டிருந்தார். பார்த்தால் சாதாரண மரப் பியானோதான். உள்ளே கம்பி, சுத்தியல் எல்லாம் உண்டு. ஆனால் கட்டைகளுக்கு அடியில் மின்காந்தமும் சின்னக் கம்ப்யூட்டரும் வைத்திருந்தார்கள். யாராவது வாசித்தால் எந்த விரல் எவ்வளவு அழுத்தியது என்று அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினால், ஆளே இல்லாமல் கட்டைகள் இறங்கி ஏறித் திரும்ப வாசிக்கும். யேசுதாஸ் அதை வைத்துத்தான் பாடம் நடத்தினார். பிள்ளைகள் தாங்கள் வாசித்ததைத் தாங்களே எதிரில் நின்று பார்ப்பார்கள். தப்பு எங்கே என்று தெரியும். அசைகிற கட்டைகள் மேல் விரலை லேசாக வைத்துக்கொண்டு பழகுவார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி திரிஷா, பொன்னியம்மாள் மகள். அம்மா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. வீட்டில் பியானோவுக்கு எங்கே போவது? பட்டுப் புடவைப் பெட்டி மூடிகளை வரிசையாகப் பசை போட்டு ஒட்டி, அதன் மேல் கட்டைகளை வரைந்து வைத்துக்கொண்டு வாசிப்பாள். அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆரம்பிக்கும் முன்பு இடது ஓரத்தில் இருக்கிற கடைசிக் கட்டையைச் சத்தம் வராமல் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள். யேசுதாஸ் சிரிக்கமாட்டார். அவளைப் போல ஒரு கை தனக்கு இனிமேல் கிடைக்காது என்று மனைவியிடம் அடிக்கடி சொல்வாராம்.

ஆண்டு விழா வந்தது. மேடையில் வாசிக்கவேண்டியது தாளாளரின் மகள் ஜீவிதா. வேண்டியவர்கள் எல்லாருக்கும் அழைப்பு போய்விட்டது, அந்தப் பெண்ணுக்கோ இரண்டு வரி தாண்டவில்லை. தாளாளர் யேசுதாஸைக் கூப்பிட்டார்.

"அந்தத் திரிஷா வாசிச்சது மெஷின்ல இருக்குது இல்ல? அதை ஓட விடுப்பா. என் பொண்ணு கையை மேல வெச்சிக்குவா. யாருக்குத் தெரியப்போவுது?"

யேசுதாஸ் தலையாட்டிவிட்டார். அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மேடையில் பாட்டின் ஸ்வரங்கள் அச்சடித்த நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும். எங்கே திருப்பவேண்டும் என்று தெரிந்த பிள்ளை வேறு யாரும் இல்லை. மனுஷன் திரிஷாவையே நிறுத்தினார்.

அவள் மறுக்கவில்லை. ஜீவிதாவின் இடது பக்கம் நின்றுகொண்டு, தன் வாசிப்புக்குத் தானே பக்கம் திருப்பினாள். ஓர் இடத்திலும் தவறவில்லை. ஜீவிதாவின் கைகள்தான் கட்டைகளை எட்டிப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. கைதட்டல் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து அவரிடம் கேட்டாள்.

"நல்லா இருந்துதா சார்?"

"எது?" என்றார் யேசுதாஸ், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

அவ்வளவுதான். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டது. அந்த 'எது'வை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை என்று சரத்குமாரிடம் அழுதிருக்கிறார். யார் கண்ணிலாவது பட்டுவிடப்போகிறது என்று மறுநாளே அந்தப் பதிவையும் அழித்துவிட்டார்.

ஐப்பசி மழையில் திரிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

இப்போது அந்தச் சாலைக்கு வாருங்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி நேராக நடந்து வந்த பொன்னியம்மாள் பியானோ அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"ஆண்டு விழாவுல எம்பொண்ணு வாசிச்சாளாமே சார். சொல்லிச் சொல்லிச் சிரிச்சிக்கினு இருந்தா. எல்லாரும் கை தட்டினாங்களாம். எனக்கு அன்னிக்கு லீவு குடுக்கலை. அந்த மெஷின்ல அது இருக்குதுன்னு பசங்க சொல்றாங்க. ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

மகள் அம்மாவிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். யேசுதாஸுக்கு அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதே பாட்டை மாதிரிக்காக அவரே வாசித்து வைத்த பதிவு ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டார்.

கட்டைகள் இறங்கி ஏறின. பொன்னியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து அந்தக் கட்டைகள் மேல் விரலை வைத்தாள். அடியில் அவை அசைய அசைய அவள் முகம் மலர்ந்தது.

"எம்பொண்ணு விரலு சார் இது," என்று சொல்லி ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் வாசித்த கட்டைகளை. யேசுதாஸ் சுவரைப் பார்த்து நின்றார். பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்று இருந்தது அவருக்கு.

பாட்டு முடிந்தது. அவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காதீங்க. மொதல்ல அந்தக் கடைசிக் கட்டையைத் தொடுவாளே. அது மட்டும் வரலையே?"

"சத்தம் இல்லாம தொட்டா மெஷின் பிடிக்காதும்மா."

அதுவும் பொய். அந்த மெஷின் எல்லாவற்றையும் பிடிக்கும். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் டேப்லெட்டை அணைத்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இடது ஓரம்... கடைசிக் கட்டை... மெதுவாக இறங்கியது. சத்தம் இல்லை. திரும்ப ஏறியது.

பிறகு ஒன்றும் இல்லை. ஒரு கை மேலே போய்க் கண்ணைத் தொட்டுவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம்.

வாசிப்பு தொடங்கியது.

அறை முழுக்கப் பசை வாசனை அடித்ததாம். புடவைப் பெட்டி ஒட்டுகிற பசை. பொன்னியம்மாள் கத்தவில்லை, ஓடவில்லை. நின்ற இடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே சொன்னாள்.

"இதுதான் சார் எம்பொண்ணு. அப்ப மொதல்ல வாசிச்சது யாரு?"

அந்த நேரம் பாதியில் வாசிப்பு நின்றது. கட்டைகள் அசையவில்லை... காத்திருந்தன. வயரைப் பிடுங்கப் போனவர் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் கவனித்தார். ஸ்டூலுக்கு இடது பக்கம். திரிஷா நின்ற இடம். எதிரில் ஸ்டாண்டில் அதே நோட்டுப் புத்தகம் விரித்துக் கிடந்தது. வாசிப்பு நின்றது அந்தப் பக்கத்தின் கடைசி வரியில்.

பக்கத்தைத் திருப்பினார். வாசிப்பு தொடர்ந்தது.

முடியும் வரைக்கும் அப்படித்தான். அது நிற்கும், அவர் திருப்புவார். கடைசியில் பொன்னியம்மாள் மட்டும் கை தட்டினாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சாலையில் இறங்கிப் போனாள். நடந்ததை எல்லாம் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே வாசல் வரைக்கும் போயிருக்கிறார். சொல்லவில்லை.

மறுநாளே வேலையை விட்டுவிட்டார். பியானோ இருக்கிற பக்கமே போவதில்லை. பின்னாலும் சொல்லப் போகவில்லை. அந்த அம்மாள் வீடு திருப்புட்குழியில்தான், பஸ் ஏறினால் போய்விடலாம். இரண்டு தடவை கிளம்பிப் பாலுசெட்டிச்சத்திரத்தோடு இறங்கித் திரும்பிவிட்டாராம். எனக்குக் கேட்கவே கோபம் வருகிறது, ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்ன செய்திருப்பேனோ.

இருங்கள், டயர் மாட்டி முடியட்டும். இன்னும் கொஞ்சம்தான்.

போன வாரம் அவர் சரத்குமார் வீட்டுக்கு வந்திருந்தார். சரத்குமாரின் சின்னப் பெண் சத்யப்ரியா எல்.கே.ஜி. படிக்கிறாள். பியானோ என்றால் என்னவென்றே தெரியாது. கல்யாணத்துக்கு எடுத்த புடவையின் காலிப் பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டு, பெரியவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அட்டையின் இடது ஓரத்தைத் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தட்ட ஆரம்பித்தாள். டொக்... டொக் டொக்... விளையாடுகிறது என்று சரத்குமார் சிரித்திருக்கிறான். திரும்பிப் பார்த்தால் யேசுதாஸ் முகத்தில் ரத்தமே இல்லை.

தட்டுவது பாதியில் நின்றது. குழந்தை தலையைத் திருப்பவில்லை. விரல்களை அட்டை மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"மாமா," என்றது. "பக்கம்."

எதிரில் புத்தகமே இல்லை. யேசுதாஸ் எழுந்து போய், குழந்தையின் இடது பக்கம் நின்று, வெறும் காற்றில் பக்கத்தைத் திருப்பினார்.

குழந்தை தொடர்ந்து தட்டியது.