கெட்டில் பக்கத்துக் கேபிளைத் தொடவிடாத கசிவக்காவுக்கு

கெர்னலின் காவலே, கசிவுகளின் காலனே, எங்கள் பொறுமையைப் பொடிப்பொடியாக்கிய பெருந்தகையே! பெற்றோர் வைத்த பெயர் அலுவலக அட்டையில் மட்டுமே இருக்க, கட்டடம் முழுவதும் 'கசிவக்கா' என்றே அறியப்பட்ட எங்கள் மூத்த பொறியாளரே! வணக்கம். தங்கள் பணிநிறைவு விழாவைத் தாங்களே இருமுறை தள்ளி வைத்ததால், இது நாங்கள் எழுதும் மூன்றாவது மடல். இனிய சொற்களெல்லாம் முதலிரண்டிலேயே தீர்ந்துவிட்டன. மிச்சம் இருப்பதைக் கேட்டருள்க.

மருத்துவமனைக் கட்டிலருகே நின்று நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் கருவியைச் செய்வது நம் நிறுவனம். அக்கருவியின் மென்பொருளுக்கெல்லாம் அடியில் அமர்ந்து அனைத்தையும் ஆளும் கெர்னலில், ஏதோ ஒரு நிரல் நினைவகத்தை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமலே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கசிவு சிறுகச் சிறுகச் சேர்ந்து, வாரக் கடைசியில் கருவி திணறிற்று. வாரம் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார் மேலாளர். ஊர் உலகமே செய்வதுதான். தாங்களோ கூட்டத்தில் எழுந்து, "படுக்கையில இருக்கிறவரோட நாடியையும் ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வரச் சொல்வீங்களா சார்?" என்று கேட்டீர்கள். அன்று பிடித்தது எங்களுக்குச் சனி.

சோதனைக் கருவி தேநீர் அறையை ஒட்டிய மேசையில் இருந்தது. அதன் சுவிட்சின் மேல் 'கை வைக்காதே' என்று தாள் ஒட்டினீர்கள். எந்த நிரலும் தன்னுடையதென்று சொல்லாமல் அநாதையாகக் கிடக்கும் நினைவகத் துண்டுகளைத் தேடும் நிரலை ஓடவிட்டுத் திரையின் முன் தவம் கிடந்தீர்கள். அத்தோடு விட்டீர்களா? ஆளில்லாத விடுமுறை நாளில் கசிவும் இல்லை என்று கண்டதும் எங்களையே சந்தேகித்தீர்கள். தேநீர் போடப் போனவர் பின்னாலேயே வந்து நின்று, ஆற அமரக் குடிக்க வேண்டியதை ஆறவிட்டே குடிக்க வைத்தீர்கள்.

தங்கள் கணவர் பட்ட பாடு தனி. இவ்விழாவின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர், மகள் வீட்டுக்குப் போக எடுத்த பயணச்சீட்டை இருமுறை ரத்து செய்தவர். "கண்டுபிடிக்காம நான் போனா, மறுநாளே சுவிட்சை அணைச்சிடுவாங்க. எனக்கு அவங்களைத் தெரியும்" என்று அவரிடம் சொன்னீர்களாம். எங்களைப் பற்றிய நல்லெண்ணத்துக்கு நன்றி. சொன்னது உண்மை என்பதுதான் எங்களுக்கு ஆத்திரம்.

பிறகு ஒரு காலையில் கசிவு தானாகவே நின்றது. அப்பாடா என்று கைதட்டினோம். தாங்களோ முகம் சிவந்து, "யாரு எதைத் தொட்டீங்க?" என்றீர்கள். மேலாளர் கெட்டில் பக்கம் கைகாட்டினார். கெட்டில் இருக்கும் அலமாரியின் கதவு, திறக்கும்போதெல்லாம் கருவியின் கேபிளை இடிக்கிறதே என்று இரக்கப்பட்டு, அதை டேப் போட்டு இறுக்கியவர் அவர்தான். தாங்கள் டேப்பைப் பிய்த்து எறிந்தீர்கள். கதவைத் திறந்தீர்கள், மூடினீர்கள், திறந்தீர்கள், நாள் முழுக்க. கேபிள் ஆடித் தொடர்பு அறுந்த ஒவ்வொரு முறையும், வாங்கிய நினைவகத்தை நிரல் அப்படியே போட்டுவிட்டுத் திரும்பியது. வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க எழுதியிருந்தோம். வேலை கெட்டுப்போனால் யார் கொடுப்பது என்று எவரும் எழுதவில்லை. அதை இரண்டே வரியில் திருத்தினீர்கள்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனீர்களா? எங்கள் ஒவ்வொருவரின் நிரலையும் இழுத்துப் போட்டு, "தோத்துப் போனா யாரு திருப்பித் தருவா?" என்று கேட்டுக் கேட்டே உயிரை எடுத்தீர்கள். நேற்றைய கூட்டத்தில் புது நிரலொன்று திரையில் வந்தது. தாங்கள் வாய் திறக்குமுன், கடைசி நாற்காலியிலிருந்து மேலாளர் சலித்துக்கொண்டே கேட்டார்: "சரி, இது தோத்துப் போனா யாருப்பா திருப்பித் தருவா?" எழுதியவர் தலையைச் சொறிந்தார். தாங்கள் எழுந்து போய் மேசை இழுப்பறையைக் காலி செய்யத் தொடங்கினீர்கள்.

அக்கா, போய் வாருங்கள். நோயின்றி, நொடியின்றி, நெடுநாள் நிம்மதியாக இருங்கள். மகள் வீட்டில் குழாய் எதுவும் சொட்டாதிருக்க வேண்டுகிறோம். அவர்களாவது நன்றாக இருக்கட்டும். தாங்கள் சொன்னபடியே கேபிளை நாங்கள் இறுக்கவில்லை. கதவு இடித்துக்கொண்டிருக்கிறது, கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. சுவிட்சின் மேலிருந்த தாள் நைந்துபோனதால் இன்று காலை புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறோம். அதில் இருப்பது மேலாளரின் கையெழுத்து.

இங்ஙனம்,
ஆறிய தேநீர் குடித்தே பழகிப்போன
கெர்னல் பிரிவுப் பணியாளர்கள்