கரை உடைந்த மதியத்தில் பூஜை

எங்கள் ஊர்ப் பண்ணையார் பொய் சொல்கிறார். கண்மாய் நிரம்பிய சேதியைத் தன் காரியதரிசி மறைத்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி, அவரை வேலையைவிட்டும் நீக்கிவிட்டார். நேற்று தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் அந்தக் காரியதரிசி என் முன் இருக்கையில் இருந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர், கண்மாய்க் கரை உடைந்து பயிரைப் பறிகொடுத்த விவசாயி.

"பெரிய மனுசன்கிட்ட காரியதரிசியா இருக்க என்னய்யா தெரியணும்?" என்று விவசாயி குத்தலாகக் கேட்டார்.

"டைப்பு, சுருக்கெழுத்துன்னு படிச்சுட்டுத்தான் போனேன். அங்கன வேண்டியது, வாசல்ல நின்னு முகம் மாறாம பொய் சொல்றது."

"கலுங்குப் பலகையை எடுத்துத் தண்ணிய வெளிய விட உத்தரவு கேட்டு வந்தோம். அவுக சொல்லாம நாங்க தொடக்கூடாது. பூஜையில இருக்காகன்னு சொன்னீக. கரை உடையிற வரைக்குமா பூஜை?"

"தூங்குனாக. மதியத் தூக்கத்தைப் பூஜைன்னுதான் சொல்லணும், அது அவுக உத்தரவு. அன்னைக்கு அதையும் மீறி எழுப்பிச் சொன்னேன். 'காத்துக் கெடக்கட்டும்'னு திரும்பிப் படுத்துட்டாக."

"இதை ஊர்ல வந்து சொல்ல வேண்டியதுதானே?"

"பூஜைன்னு சொன்ன வாய் இது. எவன் நம்புவான்?"

விவசாயி சொன்னார்: "பூஜைன்னதும் நாங்க தலைத்துண்டை அவுத்து, கன்னத்துல போட்டுக்கிட்டு நின்னோம்யா."

பண்ணையார் அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு வரட்டும். இந்த இருவரையும் எதிரே நிறுத்திக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லட்டும்: அன்று உள்ளே நடந்தது பூஜையா, தூக்கமா?