பக்கத்துல நின்னேனுங்க

ஜெபராணி: உக்காருங்க, டீ சொல்லியிருக்கறேன்.

சென்னகிருஷ்ணன்: டீ கெடக்குதுங்க டீச்சர். எங்க மேக்னாவோட சொட்டு நீர் மாடல் லேபுல பிரிஞ்சு கெடக்குதுன்னு உங்க வாட்ச்மேன் ரசாக் பாய் போன் பண்ணுனாருங்க. நேத்து ஊட்டுல சும்மா சர்ருனு ஓடுச்சு!

ஜெபராணி: இந்த வருசம் ஓடற மாடலுக்கு மார்க் இல்லீங்க. ஒரு பார்ட்டக் கழட்டி வெச்சிருவோம். புள்ளைங்க கண்டுபுடிச்சு மாட்டி, அது எதுக்குன்னும் சொல்லோணும்.

சென்னகிருஷ்ணன்: நல்லா ஓடறதக் கெடுத்துப்போட்டு ஒரு பரிச்சையாக்கும்!

ஜெபராணி: போன வருசம் பாதிப் பேரு ஒரே கடையில வாங்குன எரிமலைங்க. மார்க்கக் கடைக்காரருக்கா போடறது?

சென்னகிருஷ்ணன்: அது சரீங்க... சாயங்காலத்துக்குள்ள ஓடலீன்னா ஈரோடு கண்காட்சிக்குப் போக முடியாதாமா?

ஜெபராணி: ஆமாங்க.

சென்னகிருஷ்ணன்: புள்ளைக்குத் தூக்கத்துலயும் அதே பேச்சுங்க. நான் லேபுக்கு ஒரு எட்டு போயி...

ஜெபராணி: உக்காருங்க. மோட்டார் பட்டறையெல்லாம் எப்படீங்க போகுது?

சென்னகிருஷ்ணன்: அது போகுதுங்க. டீச்சர், வால்வத் திருப்பி மாட்டியிருப்பா. அம்புக்குறி செடிப் பக்கம் பாக்கோணும்.

ஜெபராணி: அதுல அம்புக்குறி இருக்குதுங்களா?

சென்னகிருஷ்ணன்: பொடுசா இருக்குமுங்க. கண்ணுக்குத் தெரியோணும்னு நாந்தான் நெகப்பாலீசு வெச்சுப்போட்டேன்...

ஜெபராணி: வெச்சுப்போட்டீங்க!

சென்னகிருஷ்ணன்: ...அவ வெச்சாளுங்க. நான் பக்கத்துல நின்னேன்.

ஜெபராணி: மோட்டாருக்கு வயரு?

சென்னகிருஷ்ணன்: அதுக்கும்... பக்கத்துல நின்னேனுங்க.

ஜெபராணி: ரொம்பப் பக்கத்துலதான் நின்னிருக்கீங்க.

சென்னகிருஷ்ணன்: ...முழுசும் நாந்தானுங்க டீச்சர். புள்ள தோத்துட்டு அழுதா எனக்குத் தாங்காதுங்க. தப்பு என்னோடது, அவள உட்ருங்க. நீங்க எந்தப் பார்ட்டக் கழட்டுனீங்கன்னு மட்டும் சொல்லுங்க...

ஜெபராணி: நான் அதுல கையே வெக்கலீங்க.

சென்னகிருஷ்ணன்: அப்பறம்? யாருங்க பிரிச்சுப்போட்டது?

ஜெபராணி: மேக்னாதான். காலையில வந்தா. "எங்கப்பா செஞ்சதுங்க மிஸ், ஒண்ணு உடாமக் கழட்டிட்டேன், நானே மாட்டறேன்"னா. இப்ப லேபுல மாட்டிட்டிருக்கறா. "அப்பா வந்தாருன்னா கை சும்மா இருக்காதுங்க மிஸ், பேச்சுக் குடுத்துப் புடிச்சு வெய்யுங்க"ன்னு சொன்னதும் அவதானுங்க... இந்தாங்க, டீ வந்துருச்சு. மெதுவாக் குடிங்க.