கோப்பாய்க் கல்வீட்டுக்கு ஆள் வேணும்

வேர்க்குதெண்டு மட்டும் சொல்லாதையும் பிள்ளை! உதைத்தான் முந்தி இருந்த ஜெரிசனும் சொன்னவன். பாங்கிலை வேலை, நல்ல பெடியன் எண்டு ஒரு அறையை வாடகைக்குக் குடுத்தன். ஒரு மாசம் இருக்கேல்லை. "நேசம்மா அன்ரி, உள்ளுக்கை அவிச்சுப்போடுது" எண்டிட்டுப் போட்டான். விசரன்! கல்லு வீடு அவிக்குமே? நீர் நேர்ஸ், உமக்கு விளங்கும்.

சுவரைத் தட்டிப் பாரும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும். உந்தத் தடிப்புக்கு இப்ப ஆர் கட்டுறான்? கூரையைப் பாரும், என்ன உயரம்! விறாந்தைத் தூணை ஒராள் கட்டிப்பிடிக்க ஏலாது. மிசன் காலத்திலை வெள்ளைக்காரப் பாதிரி இருந்த வீடு. அந்த மனுசன் கோட்டும் போட்டுக்கொண்டெல்லோ இருந்தது. பேந்துதான் எங்கடை ஐயா வாங்கினவர்.

நான் ஏன் இவ்வளவு கதைக்கிறன் எண்டால்... கனடாவிலை இருக்கிற என்ரை மகன் நிர்மலன் சொல்லிப்போட்டான். இந்த மாசத்துக்குள்ளை ஆள் வராட்டி வீட்டை விக்கிறதாம். வாங்க நிக்கிறவன் இடிச்சுப்போட்டுக் கலியாண மண்டபம் கட்டப்போறானாம். நான் பிறந்த வீடு பிள்ளை.

என்ன, மேலை வட்டம் வட்டமாப் பூசிக் கிடக்கிறதோ? அது காத்துப் போற ஓட்டையள். எல்லா அறையிலையும் ஓட்டுக்குக் கீழை இருந்தது. நிர்மலன் பேரப்பிள்ளையளோடை வரேக்கை ஏசி பூட்டினது. குளிர் வெளியாலை போயிடுமெண்டு மேசன் சிமியோனைப் பிடிச்சு நான்தான் சீமெந்தாலை அடைப்பிச்சன். அவையள் ரெண்டு கிழமையிலை போட்டினம். கறண்ட் பில்லைப் பாத்திட்டு ஏசியளை வித்திட்டன். ஓட்டை... இப்ப உடைச்சால் கல்லும் சேந்து உதிருமாம், சிமியோன் கைவைக்கமாட்டன் எண்டு நிக்கிறான். அதுக்கு நான் என்ன செய்யிறது? ஐயோ, அப்பிடிப் பாராதையும்!

இஞ்சாலை வாரும், இது என்ரை அறை. ஓம், இதுக்குள்ளை குளுகுளு எண்டுதான் இருக்கும். எனக்கு ஏசி ஒத்துவராது, மூட்டெல்லாம் பிடிச்சுப்போடும். அதாலை இந்த அறையிலை மட்டும் சிமியோனைத் தொட விடேல்லை.

என்ன? இந்த அறையெண்டால் இருப்பீரோ?

பிள்ளை, இதிலை நானெல்லோ...

எங்கை போறீர்? செருப்பை ஏன் போடுறீர்? நில்லும், நில்லும்!

...சரி. கட்டிலின்ரை அந்தப் பக்கத்தைப் பிடியும். ஜெரிசன் இருந்த அறைக்குத் தூக்குவம். மெல்ல, சுவரிலை இடிச்சுப்போடாதையும்.