ஒரு சொல் மிஞ்சியவர்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சார். சொன்ன நேரத்துக்கு வருவாள். வேலை முடிந்ததும் நாற்காலியை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போவாள். அவளைக் கூப்பிட்டு விசாரித்ததே அனாவசியம்.

என் கணவர் வக்கீல். வாயால் பிழைத்தவர். நாலு பேர் முன்னால் நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். முப்பது வருடமாக இதே பாட்டு. அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. மிஞ்சியது "வேண்டாம்" என்ற ஒரே சொல். பசித்தாலும் வேண்டாம், மகளைப் பார்த்த சந்தோஷத்திலும் வேண்டாம். பெரிய சட்ட மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள். கடைசியில் அதில் தேறியது அவ்வளவுதான்.

பயிற்சிப் பெண் பொறுமையாக விளக்கினாள். "அம்மா, அவருக்கு எல்லாம் புரியுது. நினைக்கிறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. வார்த்தையை நம்பாதீங்க, கண்ணையும் இடது கையையும் பாருங்க. தினமும் பழகினா இன்னும் நாலு வார்த்தை வரும்."

நான் ஒரே தடவையில் புரிந்துகொண்டேன். லீவு போட்டுவிட்டு வந்திருந்த மகளுக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை. அவளை வைத்துக்கொண்டே கேட்டேன்: "அந்தப் பொண்ணு இனிமேலும் வரணுமா?"

"வேண்டாம்" என்றார். இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து ஆட்டினார்.

"பாவம்மா, அப்பாவுக்கு அலுத்துப்போச்சு" என்று மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் வக்கீல்தான்.

அவள் ஊருக்குப் போன பிறகு மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. நிறுத்தினால் மறுபடியும் வரும் என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். தினமும் காலையில் தட்டில் வைத்துக் கொண்டுபோய், "வேணுமா?" என்பேன். "வேண்டாம்" என்பார். இடது கை மட்டும் தட்டை நோக்கி நீளும். வாயில் திணிக்க நான் என்ன மிருகமா? எடுத்துக்கொண்டு வந்து கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவேன்.

நான்கு வாரம் இப்படிப் போனது. அவர் தனியாகச் சுவரைப் பார்த்து முனகிப் பழகுவது சமையலறை வரை கேட்கும். எனக்குச் சிரிப்பு வரும். ஒருநாள் காலையில் நெற்றி வியர்க்க, உதடு கோண, தெளிவாகச் சொன்னார்: "குடு."

எனக்கு நன்றாகவே கேட்டது.

"என்ன சொல்றீங்கன்னு புரியலையே" என்றேன்.

"குடு. குடு."

தட்டை எடுத்துக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். மதியம் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. ஆம்புலன்ஸை மாலையில்தான் கூப்பிட்டேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். ஒரு மாதம் கஷ்டப்பட்டுப் பழகிய சொல், அதையும் அதிகாரமாகத்தான் சொல்ல வந்தது அவருக்கு. "கொஞ்சம் குடும்மா" என்று கேட்டிருந்தால் கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன்.