மூன்றாம் துளையின் முப்பத்தோராம் அடி

நில ஆய்வுக் கண்காணிப்பாளராக இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வுபெறும் பெருந்தகை விநாசித்தம்பி ஐயா அவர்களுக்கு, துளையிடும் தொழிலாளர் ஐவர் வாசித்தளிக்கும் மடல்.

மண்ணை முகர்ந்தே மலையின் மனமறிந்த மாண்பாளரே! யாழ்ப்பாணத்தில் பிறந்து பினாங்குப் பாறைகளோடு பழகிய பண்பாளரே! வணக்கம். உங்கள் பெருமைகளை அடுக்கத்தான் தாளை எடுத்தோம். ஆனால் மூன்றாண்டாக நெஞ்சில் முள்ளாகக் கிடப்பதைச் சொல்லாமல் கை ஓடவில்லை. கூடியிருப்போருக்கு ஐயாவின் கதையைச் சொல்லிவிட்டு உங்களிடம் வருகிறோம்.

ஜப்பான்காரன் ஆண்ட 1943. தண்ணீர்மலைக்குப் பின்புறப் பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்ட ஓர் அதிகாரி துடித்தார். அணை நிற்கும் இடத்தில் அடிப்பாறை எத்தனை அடியில் என்று பத்தே நாளில் துளையிட்டுச் சொல்ல வேண்டும். கீழே காய்கறித் தோட்டக்காரர்கள் நாற்பது குடும்பம். நம் மலையோ பொல்லாதது. மக்கிய மண்ணுக்குள் வீடு பெரிய உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். கம்பி அதில் தட்டினால் அடிப்பாறை என்றே தோன்றும். அதனால் கல் தட்டிய பிறகும் பத்தடி துளைக்க வேண்டும் என்பது ஐயாவின் சட்டம். வெளியே வந்த கல்துண்டுகளைப் பெட்டியில் அடுக்கித் தம் கண்ணால் பார்க்காமல் அவர் கையெழுத்திட்டதே இல்லை.

அந்த ஒருமுறை இட்டார். ஐயாவுக்கு மலேரியாக் காய்ச்சல், கொய்னா மாத்திரை கிடைக்காத காலம். மரவள்ளிக்கிழங்கே சோறாகிக் கால் நடுங்கிய நாங்கள், மூன்றாம் துளையில் இருபத்திரண்டாம் அடியில் கல் தட்டியதும் நிறுத்திவிட்டு, பத்தடி துளைத்ததாகப் புளுகினோம். படுக்கையிலிருந்தபடியே எங்களை நம்பிக் கையெழுத்திட்டார். அறிக்கை போய்விட்டது.

நான்காம் நாள் எழுந்து வந்து பெட்டியைத் திறந்தார். ஒரு முழம் கல்தான் இருந்தது. எங்களில் மூத்த முனுசாமி அழுதேவிட்டார். "தப்புதான் ஐயா. துளைக்கறப்போ ஊத்துன தண்ணி மேல வரவே இல்ல, உள்ளயே போயிருச்சு. வேல முடியலன்னா சயாமுக்கு அனுப்பிருவான்லா, அந்தப் பயம்." சயாம் ரயில்பாதைக்குப் போனவர் திரும்பாத காலம். ஐயாவும் ஐந்து பிள்ளைகளின் தகப்பன். வாய் திறக்காதிருந்தால் கேட்பாரில்லை. "தண்ணி போக வழி இருக்கெண்டால் அணையும் அந்த வழியாலதான் போகும். கீழ சனம் இருக்குது" என்று சொல்லிவிட்டு நேரே அதிகாரியிடம் நடந்தார்.

அறிக்கை பிழை என்று கேட்டதும், துளைத்தவன் யார் என்று அதிகாரி உறுமினார். "கையெழுத்து என்ர. பிழையும் என்ர" என்றார் ஐயா. விழுந்த அறையில் மூக்குக்கண்ணாடி தெறித்தது. மூன்று நாள் தவணை கிடைத்தது. அதற்குள் கல்லுக்கடியில் மண்ணைக் காட்டாவிட்டால், வேலையைக் கெடுத்த குற்றத்துக்கு ஐயாவோடு நாங்கள் ஐவரும் சயாமுக்கு.

மழுங்கிய முனையோடு மறுபடி இறங்கினோம். இருபத்தைந்து அடி, கல். இருபத்தெட்டு, கல். மூன்றாம் நாள் பிற்பகல் முப்பது, அப்போதும் கல். இஸ்மாயில் அண்ணன் அல்லாவைக் கூப்பிட, நாங்கள் தண்ணீர்மலை முருகனைக் கூப்பிட்டோம். ஐயா உடைந்த கண்ணாடியோடு துளையையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தோராம் அடியில் கம்பி சட்டென்று ஒரு முழம் உள்ளே இறங்கியது. இழுத்துப் பார்த்தால் முனையெல்லாம் மஞ்சள் களிமண்!

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அணை கைவிடப்பட்டது. அன்று நாங்கள் கூத்தாடினோம். ஐயாவோ ஈர மண்ணில் உட்கார்ந்து கைகூப்பினார். "பாக்காமக் கையெழுத்து வைச்சு உங்களையும் சாகக் குடுத்திருப்பன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பியவை." எங்களில் ஒருவருக்கும் நா எழவில்லை.

அறத்தின் வழி வழுவாத அண்ணலே! நோய்நொடி நெருங்காமல், பேரப்பிள்ளைகள் சூழ, நூறாண்டு நீங்கள் நலமோடு வாழ வேண்டும். பொய் சொன்னவர்கள் நாங்கள். மன்னிப்புக் கேட்டவர் நீங்கள். அன்று வராத சொல்லை இன்று சபையறியச் சொல்கிறோம். எங்களை மன்னித்துவிடுங்கள், ஐயா.

இங்ஙனம்,
முனுசாமி, இஸ்மாயில், பிச்சைமுத்து, ராமசாமி, அர்ஜுனன்
ஜார்ஜ்டவுன், 1946